சமரசக் கடிதத்தின் கணக்கு

அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில்துறைச் சங்கத்தைச் சேர்ந்த இசை நிறுவனங்கள் 2003 செப்டம்பர் 8ஆம் நாள் ஒரே வீச்சில் 261 தனிமனிதர்கள் மீது பதிப்புரிமை மீறல் வழக்குகளைத் தொடுத்தன. அடுத்த ஐந்து ஆண்டுகளில் இந்த நடவடிக்கைக்கு உள்ளானவர்களின் எண்ணிக்கை 30,000ஐத் தாண்டியது. ஆயினும் அவர்களுள் நடுவர் குழுவின் முன் முழு விசாரணையைச் சந்தித்துத் தீர்ப்பு வரை சென்றவர்கள் இருவர் மட்டுமே. ஏனையோரில் மிகப் பலர் ஒரு கடிதத்தைப் பெற்று, அதில் கண்ட தொகையையோ பேசிக் குறைத்த தொகையையோ செலுத்தி, இனி இவ்வாறு செய்வதில்லை என்று கையொப்பமிட்டு ஒதுங்கிக்கொண்டனர். எனவே இந்த இயக்கத்தை வழக்குகளின் வரலாறாகப் பார்ப்பதைவிட ஒரு கடிதத்தின் வரலாறாகப் பார்ப்பதே பொருத்தமானது. அக்கடிதம் கேட்ட தொகை பாட்டின் விலையைக் கொண்டும், இசைக் கலைஞர் அடைந்த இழப்பைக் கொண்டும் தீர்மானிக்கப்படவில்லை. எதிர்த்து வழக்காட வேண்டுமானால் வழக்கறிஞருக்கு ஆகக்கூடிய செலவுக்குக் கீழே அது வைக்கப்பட்டது. அப்படி வைக்கப்பட்ட கணத்திலேயே, கடிதம் பெற்றவர் அந்தச் செயலைச் செய்தாரா இல்லையா என்ற கேள்வி பயனற்றதாகிவிட்டது.

பதிப்புரிமை என்பது படைப்பைப் பிரதி எடுக்கவும், பொதுமக்களிடையே விநியோகிக்கவும், நிகழ்த்திக் காட்டவும் உரிமையாளர் ஒருவருக்கே சட்டம் அளிக்கும் தனியுரிமையாகும். கண்டுபிடிப்புகளுக்கு வழங்கப்படும் காப்புரிமையோடு தமிழ் நாளேடுகள் இதனை அடிக்கடி குழப்பிக்கொள்கின்றன என்றாலும் இரண்டும் வெவ்வேறு சட்டங்கள். ஒரு பாட்டில் இரண்டு பதிப்புரிமைகள் உறைந்துள்ளன: மெட்டும் சொல்லும் ஒன்று, அவற்றைப் பாடிப் பதிவு செய்த ஒலி மற்றொன்று. இங்கே பேசப்படும் வழக்குகள் இரண்டாவது வகையை, அதாவது பெரிய இசை நிறுவனங்கள் வைத்திருந்த ஒலிப்பதிவு உரிமையைப் பற்றியவை. இந்த உரிமையை மீறியதாகத் தீர்ப்பாவதற்குத் தீய எண்ணம் நிரூபிக்கப்பட வேண்டியதில்லை. தெரியாமல் செய்தாலும் மீறல் மீறலே, அறியாமை இழப்பீட்டின் அளவை மட்டுமே பாதிக்கும். பின்னால் வந்த பல சங்கடங்களுக்கு வேர் இந்த விதியில் இருக்கிறது.

1999 ஜூனில் வெளியான நாப்ஸ்டர் என்னும் மென்பொருள், ஒருவர் கணினியில் உள்ள பாட்டை மற்றொருவர் தம் கணினிக்கு நேரடியாக எடுத்துக்கொள்ள வழிசெய்தது. எவரிடம் எந்தப் பாட்டு இருக்கிறது என்ற அட்டவணை அந்த நிறுவனத்தின் மையக் கணினிகளில் இருந்ததால், இசை நிறுவனங்கள் அந்த ஒரே எதிரியைக் குறிவைத்து, 2001 ஜூலைக்குள் அதை மூடவைத்தன. அடுத்து வந்த கஸா போன்ற மென்பொருள்களில் அத்தகைய மையம் கிடையாது. அட்டவணையே பயனர்களின் கணினிகளில் சிதறிக் கிடந்தது. மென்பொருள் தயாரித்தவர்களும் மீறலுக்குப் பொறுப்பாளிகளாகலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் குரோக்ஸ்டர் வழக்கில் ஒருமனதாகச் சொன்னது 2005 ஜூனில்தான். அதற்கு முன்பே, தலையை வெட்ட முடியாத உடலின் ஒவ்வொரு விரலையும் தனித்தனியே பிடிக்க இசைத் தொழில் முடிவு செய்திருந்தது.

பொதுப் பேச்சில் இவை ‘சட்டவிரோதப் பதிவிறக்க வழக்குகள்’ என்று வழங்கினாலும், பிடிபட்டவர்கள் பதிவிறக்கியதற்காகப் பிடிபடவில்லை. பதிவிறக்குபவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். பகிர்பவர் மட்டுமே தெரிவார். கஸா மென்பொருள், பயனர் மாற்றியமைக்காதவரை, அவர் இறக்கிய பாட்டுகள் சேரும் கோப்புறையையே உலகுக்குத் திறந்து வைத்தது; பலருக்கு இது தெரியவே தெரியாது. இசை நிறுவனங்கள் அமர்த்திய மீடியாசென்ட்ரி என்ற புலனாய்வு நிறுவனம் சாதாரணப் பயனரைப் போல அந்த வலைக்குள் நுழைந்து, நூற்றுக்கணக்கான பாட்டுகளைத் திறந்து வைத்திருந்தவர்களைத் தேர்ந்து, அவர்களது கோப்புறைப் பட்டியலைத் திரைப்பிடிப்பாக எடுத்து, மாதிரிக்குச் சில பாட்டுகளை இறக்கி, நாளையும் நேரத்தையும் ஐபி முகவரியையும் குறித்துக்கொண்டது. ஐபி முகவரி என்பது இணையச் சேவை நிறுவனம் ஓர் இணைப்புக்கு அந்த நேரத்தில் ஒதுக்கும் எண். அது ஒரு வீட்டைச் சுட்டலாம், வீட்டுக்குள் இருந்த ஆளைச் சுட்டாது. மகளா, விருந்தாளியா, கடவுச்சொல் இல்லாத வைஃபையைப் பிடித்த அடுத்த வீட்டுக்காரரா என்று அந்த எண்ணைக் கொண்டு சொல்ல இயலாது.

எண்ணிலிருந்து பெயருக்குச் செல்லும் வழி சேவை நிறுவனத்தின் பதிவேட்டில்தான் இருந்தது. 1998ஆம் ஆண்டின் எண்ணிமப் பதிப்புரிமைச் சட்டம் இதற்கொரு குறுக்குவழியை வைத்திருந்தது: நீதிபதியின் பார்வைக்குப் போகாமலே, நீதிமன்ற எழுத்தர் முத்திரையிட்ட ஓர் அழைப்பாணையைக் கொண்டு சந்தாதாரரின் பெயரைக் கேட்டுப் பெறலாம். வெரைசன் நிறுவனம் தர மறுத்தது. 2003 ஜனவரியில் கீழ்நீதிமன்றத்தில் தோற்றது. அதே ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றது. தன் கணினிகளில் எதையும் சேமித்து வைக்காமல் வெறும் வாய்க்காலாக நிற்கும் நிறுவனத்துக்கு இந்தக் குறுக்குவழி பொருந்தாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். முதல் 261 வழக்குகளுக்கான பெயர்கள் இந்த இடைவெளிக்குள் கிடைத்தவையே.

கதவு சாத்தப்பட்டதும் இசை நிறுவனங்கள் பழைய வழக்கொன்றைக் கையிலெடுத்தன. எதிரி இன்னார் என்று தெரியாத நிலையில் ‘ஜான் டோ’ என்ற கற்பனைப் பெயரில் வழக்குத் தொடுத்து, நீதிமன்றத்தின் அனுமதியோடு அடையாளத்தை அறிந்துகொள்வது ஆங்கிலேயச் சட்ட மரபில் நெடுங்காலமாக இருந்துவருவது. 2004 ஜனவரி 21ஆம் நாள் 532 ஜான் டோக்கள் மீது வழக்குகள் விழுந்தன. எதிர்த்தரப்பு இல்லாமலே விசாரிக்கப்பட்டுப் பெயர் கிடைத்தவுடன் அந்த வழக்கு பெரும்பாலும் கைவிடப்பட்டது, ஏனெனில் அதன் வேலை முடிந்திருந்தது. சந்தாதாரர் தம்மைப் பற்றி ஒரு வழக்கு நடந்ததை அறிந்தது, அஞ்சலில் வந்த வக்கீல் நோட்டீஸைப் பிரித்தபோதுதான்.

அந்த நோட்டீஸின் வலிமை ஒரே ஒரு பிரிவில் அடங்கியிருந்தது. உரிமையாளர் தம் உண்மை இழப்பை நிரூபிக்கத் தேவையின்றி, சட்டமே வரையறுத்துள்ள ஒரு தொகையைக் கேட்க அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. மீறப்பட்ட ஒவ்வொரு படைப்புக்கும் குறைந்தது 750 டாலர், கூடுதலாக 30,000 டாலர், மனமறிந்து செய்ததாயின் 1,50,000 டாலர் வரை என்பது அந்த அளவு. முன்பு இவை முறையே 500, 20,000, 1,00,000 டாலராக இருந்தன. நாப்ஸ்டர் பிறந்த அதே 1999ஆம் ஆண்டின் முடிவில் அமெரிக்க நாடாளுமன்றம் அவற்றை உயர்த்தியது. சிடி ஆலை வைத்துத் திருட்டுப் பிரதி விற்கும் வணிகர் கணக்கு ஏடு எதையும் வைத்திருக்கமாட்டார், ஆகவே இழப்பை நிரூபிப்பது கடினம் என்பதே இத்தகைய ஏற்பாட்டுக்குச் சொல்லப்படும் நியாயம், அது நியாயமானதும்கூட. ஆனால் அந்த வாசகம் வணிகரையும் பள்ளி மாணவியையும் பிரித்துப் பார்க்கவில்லை. ஐடியூன்ஸ் கடையில் 99 சென்ட்டுக்கு விற்ற ஒரு பாட்டுக்குக் குறைந்தபட்ச இழப்பீடே ஏறத்தாழ 750 மடங்கு ஆயிற்று. ஆயிரம் பாட்டுகள் திறந்து கிடந்த ஒரு கோப்புறைக்கு அந்தக் குறைந்தபட்சத்தின்படியே ஏழரை லட்சம் டாலர் ஆகும் என்று காட்டிவிட்டு, மூவாயிரம் முதல் ஐயாயிரம் டாலருக்குள் முடித்துக்கொள்ளலாம் என்று கடிதம் சொன்னபோது, அச்சுறுத்தல் சலுகையின் முகத்தோடு வந்து நின்றது.

பெற்றவருக்கு மூன்று வழிகள் இருந்தன. பதிலளிக்காமல் இருந்தால், எதிர்வாதி வராத வழக்கில் நீதிமன்றம் ஒருதரப்புத் தீர்ப்பு வழங்கும். குறைந்தபட்சத் தொகையை வழக்கில் குறிப்பிட்ட பாட்டுகளின் எண்ணிக்கையால் பெருக்கி வரும் கடன் தலையில் ஏறும். பணம் கட்டினால் விஷயம் அன்றோடு முடியும். எதிர்த்து நின்றால் ஆகும் செலவைத்தான் ‘சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்’ என்ற பழமொழி சரியாகச் சொல்கிறது: அமெரிக்காவில் அவரவர் வழக்கறிஞர் கட்டணத்தை அவரவரே சுமப்பது பொதுவிதி, கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒரு பதிப்புரிமை வழக்கை இறுதிவரை நடத்தக் கடிதம் கேட்ட தொகையைப் போலப் பல மடங்கு வேண்டும். குற்றமற்றவருக்கும் இந்தக் கணக்கு மாறுவதில்லை.

குற்றமற்றவர்கள் இருந்தார்கள் என்பது முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. மாசசூசெட்ஸில் 66 வயதுச் சிற்பி ஒருவர் ராப் பாடல்களைப் பகிர்ந்ததாக வழக்கு. அவரிடம் இருந்ததோ கஸா மென்பொருள் ஓடவே ஓடாத மெக்கின்டோஷ் கணினி. வழக்கு திரும்பப் பெறப்பட்டது. 2005இல் மேற்கு விர்ஜினியாவில் வழக்குக்கு இலக்கான 83 வயது மூதாட்டி ஏற்கெனவே இறந்துபோயிருந்தார். இவற்றைவிட ஊடகங்களை உலுக்கியது, நியூயார்க்கில் அரசுக் குடியிருப்பில் வாழ்ந்த 12 வயதுச் சிறுமியின் பெயர் முதல் 261 பேரில் இருந்ததே. அவருடைய தாய் 2,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார். அந்தச் சிறுமி உண்மையிலேயே பாட்டுகளைப் பகிர்ந்திருந்தார் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அந்த வழக்கில் சட்டப்படி பிழை எதுவும் இல்லை, அதுதான் அதைப் பிற பிழையான வழக்குகளைவிடச் சங்கடமானதாக்கியது. 2003 செப்டம்பர் இறுதியில் மினசோட்டாவைச் சேர்ந்த அமெரிக்க மேலவை உறுப்பினர் நார்ம் கோல்மன் இவ்வழக்குகளைப் பற்றி நாடாளுமன்ற விசாரணை நடத்தினார்; தாமும் ஒருகாலத்தில் நாப்ஸ்டரைப் பயன்படுத்தியவர் என்பதை அவர் மறைக்கவில்லை.

முதல் வழக்குகளோடு கூடவே ‘பொது மன்னிப்பு’ ஒன்றையும் சங்கம் அறிவித்திருந்தது. பகிர்ந்ததை ஒப்புக்கொண்டு, கோப்புகளை அழித்துவிட்டதாக உறுதிமொழிப் பத்திரம் அளிப்பவர் மீது வழக்கு வராது என்பது வாக்கு. ஆனால் பதிப்புரிமை சங்கத்துக்கு உரியதன்று. உரிமை வைத்திருந்தவை தனித்தனி நிறுவனங்கள். பாடலாசிரியரோ, சங்கத்தில் சேராத நிறுவனமோ அதே ஒப்புதல் வாக்குமூலத்தைக் காட்டி வழக்குத் தொடுக்க எந்தத் தடையும் இல்லை. ஆயிரத்துச் சொச்சம் பேர் கையொப்பமிட்டனர். மக்களை ஏமாற்றும் அறிவிப்பு என்று கலிபோர்னியாவில் வழக்குப் போடப்பட்ட நிலையில் 2004 ஏப்ரலில் அத்திட்டம் சத்தமின்றிக் கைவிடப்பட்டது.

2007 பிப்ரவரி 28ஆம் நாள் கடிதம் தன் முதிர்ந்த வடிவத்தை அடைந்தது. 13 பல்கலைக்கழகங்களுக்கு 400 கடிதங்கள் அனுப்பப்பட்டன. ஒவ்வொன்றும் பெயரின்றி ஓர் ஐபி முகவரியை மட்டும் சுட்டியது. அந்த எண்ணுக்குரிய மாணவரைக் கண்டுபிடித்துக் கடிதத்தைச் சேர்ப்பிக்குமாறு பல்கலைக்கழகம் கேட்டுக்கொள்ளப்பட்டது. மாணவர் 20 நாட்களுக்குள் முன்வந்தால் தள்ளுபடி விலை. தவறினால் ஜான் டோ வழக்கு, பின்னர் கூடிய விலை. பணம் கட்டுவதற்கென்றே ஒரு வலைத்தளம் திறக்கப்பட்டு, கடன் அட்டையால் செலுத்த வசதி செய்யப்பட்டது. மின்கட்டணம் கட்டுவதுபோல நீதியை நடத்த முடியும் என்று காட்டிய இந்த ஏற்பாட்டில் நீதிமன்றத்துக்கு இடமே இல்லை. அதன் நிழல் மட்டும் இருந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாகம் கடிதங்களை மாணவர்களிடம் சேர்க்க மறுத்தது. ஓரிகன் பல்கலைக்கழகம் இன்னும் ஒருபடி மேலே போய், மாநிலத் தலைமை வழக்கறிஞரின் துணையோடு, பெயர் கேட்டு வந்த அழைப்பாணையை ரத்து செய்யுமாறு நீதிமன்றத்தை அணுகியது: விடுதி அறையில் இருவர் தங்கும்போது எண்ணுக்குப் பின்னால் இருந்தவர் யார் என்று சொல்லப் பல்கலைக்கழகமே புலனாய்வு செய்ய நேரும், அது அதன் கடமையன்று என்பது அதன் வாதம். ஆனால் பெரும்பாலான கல்வி நிலையங்கள் தபால்காரரின் வேலையை மறுப்பின்றிச் செய்தன.

எதிர்த்து நின்று வென்றவர்களும் சிலர் உண்டு. ஓக்லஹோமாவில் ஒரு தாய், இணைய இணைப்பு தம் பெயரில் இருந்தது என்பதற்காகவே குடும்பத்தில் வேறொருவர் செய்ததற்குத் தாம் பொறுப்பாக முடியாது என்று வாதிட்டார். அவர் பணியமாட்டார் என்று தெரிந்ததும் நிறுவனங்கள் வழக்கைத் திரும்பப் பெற விரும்பின. மீண்டும் தொடுக்க முடியாத வகையில் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்து, வென்ற தரப்பு அவரே என்று கருதி, 2007இல் 68,685 டாலரை வழக்கறிஞர் கட்டணமாக அவருக்கு வழங்க உத்தரவிட்டது. பதிப்புரிமைச் சட்டம் பொதுவிதிக்கு மாறாக, வென்றவருக்குக் கட்டணம் வழங்கும் அதிகாரத்தை நீதிபதிக்கு அளித்திருப்பதால் இது இயன்றது. இந்தத் தொகையைத் திருப்பிப் படித்தால் கடிதத்தின் இரகசியம் விளங்கும்: செய்யாத ஒன்றுக்காகச் சில ஆயிரம் டாலர் கொடுக்க மறுப்பதற்கு ஏறத்தாழ எழுபதாயிரம் டாலர் பெறுமான வழக்கறிஞர் உழைப்புத் தேவைப்பட்டது, அது திரும்பக் கிடைக்கும் என்று தொடக்கத்தில் எவரும் உறுதி சொல்லியிருக்க முடியாது.

அறியாமையைக் காரணம் காட்டியவர்களுக்குக் கதவு வேறு விதமாக அடைபட்டது. தாம் செய்வது மீறல் என்று அறியாதவருக்கு ஒரு படைப்புக்கு 200 டாலராகக் குறைக்கலாம் என்று சட்டம் சொல்கிறது; ஆனால் விற்பனைக்கு வந்த தட்டின் மேல் பதிப்புரிமைக் குறி அச்சிடப்பட்டிருந்தால் இந்தச் சலுகை இல்லை. 16 வயதில் 37 பாட்டுகளைப் பகிர்ந்த டெக்சாஸ் மாணவி ஒருவர், தாம் அந்தத் தட்டுகளைக் கண்ணால் கண்டதே இல்லை, கணினியில் கோப்புகளை மட்டுமே கண்டார் என்று சொன்னார். கீழ்நீதிமன்றம் 200 டாலர் வீதம் விதித்தது. 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 750 வீதம் 27,750 டாலராக உயர்த்தியது, ஏனெனில் தட்டில் குறி இருந்ததா என்பதே சட்டத்தின் கேள்வி, அவர் தட்டைப் பார்த்தாரா என்பது அன்று. உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தபோது, ஏற்றிருக்க வேண்டும் என்று நீதிபதி சாமுவேல் அலிட்டோ மட்டும் மாறுபட்டு எழுதினார். தட்டு இருந்த காலத்தில் எழுதிய விதி, தட்டே இல்லாத தலைமுறையின் மேல் வந்து விழுந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

விசாரணை வரை சென்ற முதல் வழக்கு மினசோட்டாவுடையது. பிரைனெர்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த அந்தப் பெண்ணின் கணினியிலிருந்து 1,702 பாட்டுகள் பகிரப்பட்டதாகக் குற்றச்சாட்டு. வழக்கு 24 பாட்டுகளுக்கு மட்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் உரிமைப் பதிவை நிரூபிக்க வேண்டியிருக்கையில், 24ஐ 1,50,000ஆல் பெருக்கினாலே 36 லட்சம் டாலர் வருமானால் அதற்கு மேல் சிரமப்படுவானேன் என்பது வாதிகளின் கணக்காக இருந்திருக்கும். தாம் பகிரவில்லை என்ற அவருடைய வாதம் நம்பத்தக்கதாக இல்லை: பகிர்வுக் கணக்கின் பயனர் பெயர் அவர் நெடுங்காலமாக வேறிடங்களில் பயன்படுத்தி வந்த பெயர், ஆய்வுக்குக் கொடுத்த வன்தட்டோ சம்பவத்துக்குப் பிறகு மாற்றப்பட்டது. 2007 அக்டோபரில் டுலூத் நகரில் நடுவர் குழு பாட்டுக்கு 9,250 வீதம் 2,22,000 டாலர் விதித்தது.

தீர்ப்போடு வழக்கு முடியவில்லை. அதன் பிறகுதான் தொடங்கியது எனலாம். பகிர்வுக் கோப்புறையில் வைப்பதே விநியோகம் ஆகுமா, அல்லது யாரேனும் அதை உண்மையில் எடுத்துக்கொண்டதாகக் காட்ட வேண்டுமா என்ற சட்டப் பிரச்சினையில் நடுவர் குழுவுக்குத் தாம் தவறாக வழிகாட்டிவிட்டதாக நீதிபதி மைக்கேல் டேவிஸ் தாமே 2008 செப்டம்பரில் ஒப்புக்கொண்டு, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டு, இலாப நோக்கமற்ற தனிமனிதர்களுக்கு ஏற்ப இழப்பீட்டு விதியைத் திருத்துமாறு நாடாளுமன்றத்தையும் கேட்டுக்கொண்டார். மறுவிசாரணையில் 2009 ஜூனில் வேறொரு குழு பாட்டுக்கு 80,000 வீதம் 19,20,000 டாலர் விதித்தது. அதிர்ந்த நீதிபதி அதைக் குறைந்தபட்சத்தின் மும்மடங்கான 2,250 வீதம் 54,000 டாலராகக் குறைத்தார். நீதிபதியின் அந்த ஆணையை விலக்கிக்கொள்ளச் சம்மதித்தால், இசைக் கலைஞர்களுக்கான அறநிதிக்கு 25,000 டாலர் தந்து முடித்துக்கொள்ளலாம் என்று நிறுவனங்கள் முன்வந்தன. அந்தப் பெண் மறுத்தார். நிறுவனங்களுக்குப் பணத்தைவிட முன்னுதாரணம் முக்கியமாயிருந்தது என்பதை அந்த நிபந்தனை அம்பலமாக்கியது. 2010 நவம்பரில் மூன்றாம் குழு 15 லட்சம் டாலர் விதித்தது. 2011இல் நீதிபதி மீண்டும் 54,000 ஆக்கினார். 2012 செப்டம்பரில் எட்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் முதல் தீர்ப்பின் 2,22,000 டாலரையே நிலைநாட்டியது. 2013 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது.

ஒரே செயலுக்கு, ஒரே சான்றுக்கு, மூன்று குழுக்கள் மூன்று தொகைகளைச் சொன்னதையும், கடைசித் தொகை முதலாவதைப் போல் ஏறக்குறைய ஏழு மடங்காயிருந்ததையும் நடுவர்களின் மூர்க்கமாகக் கருதுவது எளிது. ஆனால் 750க்கும் 1,50,000க்கும் இடையே எந்தப் புள்ளியில் நிற்பது என்று சொல்ல எந்த அளவுகோலும் அவர்களுக்குத் தரப்படவில்லை. தொகையை நடுவர் குழுவே தீர்மானிக்கும் உரிமை உண்டு என்று 1998இல் உச்ச நீதிமன்றம் தீர்த்திருந்தது, எப்படித் தீர்மானிப்பது என்பதைச் சட்டம் சொல்லாமல் விட்டிருந்தது.

பாஸ்டன் வழக்கு இதன் மறுபக்கம். இயற்பியல் ஆய்வு மாணவரான பிரதிவாதி 30 பாட்டுகளுக்காக வழக்கைச் சந்தித்தார். ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் சார்லஸ் நெசன் தம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அவருக்காக வாதாடினார். காசு வாங்காமல் பாட்டைப் பகிர்வது சட்டம் அனுமதிக்கும் ‘நியாயமான பயன்பாடு’ என்பது நெசனின் வாதம். வழக்கை விசாரித்த நீதிபதி நான்சி கெர்ட்னர், பெரிய சட்ட நிறுவனங்களுக்கு முன்னால் வழக்கறிஞரே இல்லாத பிள்ளைகள் நிற்கும் ஏற்றத்தாழ்வைக் குறித்து நிறுவனங்களின் வழக்கறிஞர்களைக் கடிந்தவர். அவராலேயே இந்த வாதத்தை ஏற்க முடியவில்லை. சாட்சிக் கூண்டில் பிரதிவாதி பகிர்ந்ததை ஒப்புக்கொண்டார். 2009 ஜூலையில் 6,75,000 டாலர் விதிக்கப்பட்டது. கெர்ட்னர் அதை அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று பத்தில் ஒரு பங்காக்கினார். மேல்முறையீட்டில் அந்தக் குறைப்பு நீக்கப்பட்டு, 2013 ஜூனில் முழுத்தொகையும் உறுதியாயிற்று. ஒரு கொள்கைப் போருக்குத் தனிமனிதர் ஒருவரின் கடனாளி வாழ்வைக் களமாக்கியது அறிவுடைமையா என்ற கேள்வி வாதிகளை நோக்கி மட்டுமன்றி, அந்தப் பேராசிரியரை நோக்கியும் எழுப்பத் தக்கது.

இரண்டு மேல்முறையீட்டு நீதிமன்றங்களும் பெருந்தொகையை நியாயப்படுத்தத் துணைக்கு அழைத்தது 1919ஆம் ஆண்டின் ஒரு ரயில் வழக்கு. அர்க்கான்சஸ் மாநிலத்தில் ரயில் நிறுவனம் ஒன்று இரு சகோதரிகளிடம் ஆளுக்கு 66 சென்ட் கூடுதல் கட்டணம் வாங்கியது. மாநிலச் சட்டப்படி தலைக்கு 75 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. தண்டம் இழப்பைப் போல் நூறு மடங்குக்கு மேல் என்று நிறுவனம் முறையிட்டபோது, இத்தகைய தண்டத்தைத் தனியொருவரின் இழப்போடு மட்டும் ஒப்பிடலாகாது, பொதுநலனையும் மீறலுக்கான வாய்ப்புகளின் பெருக்கத்தையும் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அதை நிலைநிறுத்தியது. தீர்ப்பின் தருக்கம் திடமானதுதான். ஆனால் அங்கே தண்டம் கட்டியது, பல்லாயிரம் பயணிகளிடம் இதையே செய்யவல்ல ரயில் நிறுவனம். பெற்றது இரண்டு பெண்கள். சாதாரண மனிதரைப் பெருநிறுவனத்திடமிருந்து காக்கப் பிறந்த தீர்ப்பு, தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் பெருநிறுவனத்தின் கையில் சாதாரண மனிதருக்கு எதிரான கோலாக மாறியதை அந்த நீதிமன்றங்கள் பொருட்படுத்தவில்லை.

இந்த இயக்கம் பணத்துக்காக நடந்தது என்று எண்ணுவது தவறு. 2007 டுலூத் விசாரணையில், இசை நிறுவனமான சோனி பிஎம்ஜியின் வழக்குப் பிரிவுத் தலைவரே, இதில் வரவைவிடச் செலவுதான் அதிகம் என்று சாட்சியம் அளித்தார். கடிதம் பெற்ற ஒருவரைப் பற்றிக் கேள்விப்படும் ஆயிரம் பேர் அஞ்சுவார்கள் என்பதே நோக்கம். ஆனால் பிடிபடும் வாய்ப்பு மிகச் சிறிதாயிருக்கையில், அஞ்சியவர்களைவிட வேறு மென்பொருளுக்கு மாறியவர்களே அதிகம் என்று தோன்றுகிறது. 2008 டிசம்பரில் புதிய வழக்குகளை நிறுத்திவிட்டதாகச் சங்கம் தெரிவித்தது. இணையச் சேவை நிறுவனங்கள் வழியே எச்சரிக்கை அனுப்பும் முறைக்குத் திரும்பியது. மாதச் சந்தாவுக்குக் கேட்கும் சேவைகள் பரவியபின் கோப்புப் பகிர்வின் தேவையே பலருக்கு இல்லாமற்போயிற்று. கடிதங்களால் ஆகாதது விலையாலும் வசதியாலும் ஆயிற்று.

கடிதம் கடல் கடந்தபோது அந்தந்த நாட்டுச் சட்டத்தின் வடிவத்தை எடுத்தது. ஜெர்மனியில் எச்சரிக்கைக் கடிதத்தை எழுதிய வழக்கறிஞரின் கட்டணத்தைப் பெறுபவரே தர வேண்டும் என்பது பழைய மரபு. அதனால் கடிதம் எழுதுவதே ஒரு தொழிலாகி, 2008இலும் 2013இலும் கட்டணத்துக்கு வரம்பு கட்டும் சட்டங்கள் தேவைப்பட்டன. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் மீறலுக்குச் சிறைத்தண்டனை வரை விதிக்கிறது என்றாலும், நிரூபிக்காமலே கேட்கத்தக்க இழப்பீட்டுத் தொகை எதையும் வரையறுக்கவில்லை. அதனால் இந்தக் கடிதத்தை இயக்கும் நெம்புகோல் இங்கு இல்லை. இந்திய நீதிமன்றங்களில் ஜான் டோ ‘அசோக் குமார்’ ஆனார். அவர் மீதான உத்தரவுகளும் கேட்பவரை விட்டுவிட்டு வலைத்தளங்களை நோக்கியே சென்றன. 2012இல் ‘3’ திரைப்படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் வழங்கிய தடையாணையைக் காட்டி இணையச் சேவை நிறுவனங்கள் முழு வலைத்தளங்களையே முடக்க, குறிப்பிட்டுக் காட்டப்படும் இணைப்புகளுக்கு மட்டுமே தடை பொருந்தும் என்று அந்த ஜூனில் நீதிமன்றம் திருத்தியது.

இசைத் தொழில் கைவிட்ட கடிதத்தை அமெரிக்காவில் வேறு கைகள் எடுத்துக்கொண்டன. பாலியல் படங்களின் உரிமையாளர்கள் பெயரில் ஆயிரக்கணக்கானோருக்குக் கடிதம் அனுப்பிய பிரெண்டா என்ற சட்ட நிறுவனத்தின் வழக்கறிஞர்கள், தங்கள் படங்களைத் தாங்களே பகிர்வுத் தளங்களில் ஏற்றி, இறக்கியவர்களைப் பிடித்தது வெளிப்பட்டு, 2019இல் மினசோட்டாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒருவருக்கு 14 ஆண்டும் மற்றவருக்கு 5 ஆண்டும் சிறைத்தண்டனை கிடைத்தது. இந்த மோசடி தனி ரகம் என்றாலும், அது பயன்படுத்திய கருவிகள், அதாவது ஐபி முகவரி, ஜான் டோ வழக்கு, வழக்குச் செலவுக்குக் கீழே வைத்த சமரச விலை ஆகிய மூன்றும், 2003இல் தொடங்கிய அந்த இயக்கத்தில் பழகியவையே.

அவற்றுள் முதலாவதன் மேல் 2018 ஆகஸ்டில் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஓரிகன் மாநிலத்தில் முதியோரையும் ஆதரவு தேவைப்பட்டோரையும் பராமரிக்கும் இல்லம் ஒன்றின் இணைய இணைப்பு வழியே ‘தி காப்ளர்’ என்ற திரைப்படம் பகிரப்பட்டிருந்தது. இணைப்பு, இல்லத்தை நடத்தியவர் பெயரில் இருந்தது. அங்கு தங்கியவர்களும் வந்துபோனவர்களும் அதைப் பயன்படுத்தினார்கள் என்பது படநிறுவனத்தின் வழக்கறிஞருக்கே தெரியும்; தெரிந்தும் அவர் மீது வழக்கு விழுந்தது. ஐபி முகவரியின் சந்தாதாரர் என்பது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரை மீறியவராகக் குற்றஞ்சாட்ட முடியாது என்று கூறிய நீதிமன்றம், வழக்கறிஞர் கட்டணமாக 17,222 டாலரை அவருக்குக் கொடுக்குமாறு படநிறுவனத்துக்கு விதித்திருந்த உத்தரவையும் உறுதி செய்தது.